ஆண் தொட்டிக்கு நல்ல இலை

முட்டை சரியில்லை என்றுதான் மூன்று வருடமும் சொன்னார்கள். மீன்குஞ்சு பொரிக்கிற ஹாச்சரி வைத்திருக்கிற மெஹருன்னிசா அக்கா சொன்னார், அவர் வீட்டுக்காரர் சைனுதீன் அண்ணன் சொன்னார், தீவனம் விற்க வருகிற ஜோபி சொன்னான். அவ்வளவு ஏன், பஞ்சாயத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்லவென்றே வேலைக்கு வைத்திருக்கிற நானும் அதையேதான் சொன்னேன். புல்கெண்டைக்கு முட்டை இறங்க ஊசி போட்டு, முட்டையைப் பிழிந்து, அதில் ஆண் மீனின் பாலைக் கலந்து, குடுவையில் விட்டால் மறுநாள் குஞ்சு சுழல வேண்டும். இங்கே மறுநாள் முட்டையெல்லாம் வெளுத்துப் பூஞ்சணம் பிடித்துப் பழைய சோறு போல அடியில் கிடக்கும். உடனே பழி பெண் மீனுக்கு. வயசாகிவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடத்தில் மூன்று தடவை பெண் மீன்களை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்டார்கள். ஆண் மீன்கள் ஏழும் அதே தொட்டியில் மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல இருந்தன. அவற்றை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹாச்சரிகளில் விந்து என்று யாரும் சொல்வதில்லை. பால் என்றுதான் சொல்வார்கள். ஆணைத் திருப்பிப் பிடித்து வயிற்றை நீவினால் சொட்டுச் சொட்டாக வரும். வந்தால் போதும், சரி என்று விட்டுவிடுவோம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பற்றி ஊரெல்லாம் சிரிக்கிறார்கள். நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் நம்பினோம்.

என் பெயர் ஆர்த்தி. சொந்த ஊர் மறையூர். அம்மா வேலுத்தாய் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி என்னைப் படிக்க வைத்தார். மூன்று வருடமாக இந்தக் கோவிந்தாபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மலையில் பிறந்தவளுக்கு இந்த ஊர் வெயிலும் பிடிபடவில்லை, பேச்சும் முழுசாகப் பிடிபடவில்லை. வீடு இங்கே ஊடு. எதற்கும் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள். நான் 'என்னத்தக் கண்டீக' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஒரு வாரம் கேலிக்கு ஆளானேன்.

அக்காவின் வீடு மாநில எல்லைச் செக்போஸ்ட்டிலிருந்து கொல்லங்கோடு போகிற ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். முன்னால் வீடு, பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்குள் ஹாச்சரி. நெல்லியாம்பதி மலை எப்போதும் கொல்லைச் சுவர் மாதிரி எதிரில் நிற்கும். சைனுதீன் அண்ணனுக்குச் செக்போஸ்ட் பக்கத்தில் காய்கறி மண்டி. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காந்தலூரிலிருந்தும் கோசு வந்து இறங்கும். இரண்டு மகன்களும் ஷார்ஜாவில். அவர்கள் கிளம்பிப் போன வருடம்தான் அக்கா மீனில் இறங்கினார். பயிற்சிக்கு மூன்று நாள் போய்வந்து, தானே மேஸ்திரியோடு நின்று தொட்டி கட்டினார். முதல் நான்கு வருடம் குஞ்சு பொரிந்தது. பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் ஆக்சிஜன் பை கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். அப்புறம்தான் இந்தக் கேடு பிடித்தது.

அக்காவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பெண் மீன் எந்த நிமிடத்தில் முட்டையை விடும் என்று மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா தண்ணீருக்குள் கையை விட்டு அடிவயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கால் மணி என்பார். கால் மணியில் சரியாக இறங்கும். அந்த நேரத்தை விட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே முற்றிப்போய்விடும், அப்புறம் எந்தப் பாலைக் கலந்தும் பிரயோசனமில்லை. நான் படித்ததெல்லாம் அந்தக் கைக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் தை மாதம் சைனுதீன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். வரப்போகிற மழையில் குஞ்சு பொரிக்கவில்லை என்றால் தொட்டிகளை மண் போட்டு மூடி, லோடு லாரி நிறுத்த இடமாக்கப் போகிறாராம். செக்போஸ்ட்டில் லாரி நிறுத்த இடமில்லாமல் டிரைவர்கள் அலைகிறார்களாம்.

"நான் ஒண்ணும் எதுக்கறவனில்லீங்க அம்மிணி. வருசா வருசம் அவ அழுகறதெப் பாக்க முடியலீங்க. ஆனி முடியட்டும். வந்தா சரி, இல்லீன்னா மூடிப்போட்டுறலாமுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஒரு கூடை கோசு இலை கட்டிக்கொண்டு வருவார். மண்டியில் கழித்துப்போட்ட இலை இல்லை. அழுகல் இல்லாமல், புழு இல்லாமல், தானே உட்கார்ந்து பொறுக்கி எடுத்த இலை. புல்கெண்டை இலை தின்கிற மீன். கோசு என்றால் அதற்கு உயிர். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் மீன்கள் ஓரத்துக்கு வந்து நிற்கும். மூன்று வருடமாக ஒரு நாள் அந்தக் கூடை தவறியதில்லை.

அந்தக் கூடை முழுக்க ஆண் தொட்டிக்குத்தான் போனது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. அக்கா வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். கறி ஆக்கினால் ஈரலை முதலில் எடுத்து அண்ணன் தட்டுக்கு ஒதுக்கி வைப்பார். மகன்கள் வந்திருந்தால் நெஞ்செலும்பு அவர்களுக்கு. மிஞ்சிய சாற்றில் தன் சோற்றைப் பிசைந்துகொள்வார். அதே கைதான் மீனுக்கும் தீனி போட்டது. நல்ல இலை ஆண் தொட்டிக்கு. பெண் மீன்களுக்கு வரப்பில் முளைத்த புல்லை அரிவாளால் அறுத்து வீசிவிடுவார். நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டதற்கு, "ஆம்பளைக்கு நல்லதாப் போட்டாத்தானே கண்ணு தெம்பா இருக்கும்" என்றார். எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

மாசியில் ஓர் ஆண் மீன் செத்து மிதந்தது. ஏழு ஆறானது. செத்ததை ஐஸில் வைத்து, மற்றதில் இரண்டைப் பிழிந்து கொஞ்சம் பாலைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு மீன்வளக் கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கத்தரீனாள் டீச்சர் இருக்கிறார். எங்கள் மலைக்காரர், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர், இப்போது மீனின் உடம்புக்குள் நடப்பதைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். பாலை ஒரு சொட்டு வைத்து, தண்ணீர் கலந்து, என்னைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் பட்டதும் அணுக்கள் திருவிழாக் கூட்டம் போல ஓட வேண்டும், அதுவும் ஒரு நிமிடம்தான் அதற்கு ஆயுசு. நான் பார்த்ததில் அங்கொன்று இங்கொன்று நெளிந்தது. மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்.

அப்புறம் செத்த மீனின் தாடைக்கு அடியில் கீறிக் காட்டினார்.

"மனுசனுக்குக் கழுத்துல ஒரே சுரப்பியா இருக்கும் தைராய்டு. மீனுக்கு அப்படி இல்லட்டி. தாடைக்கடியில ரத்தக்குழாயச் சுத்தித் துண்டு துண்டாச் சிதறிக் கெடக்கும். இங்க பாரு, வீங்கிப் போயிருக்கு. சுரக்க முடியாமத் தவிச்சா இப்படி வீங்கும். விதைப்பையில மொதல்ல அணு பெருகுற சமயத்துல இந்தச் சுரப்பு வேணும். அப்பக் கொறஞ்சிபோச்சுன்னா பின்னால நீ எத்தன ஊசி போட்டாலும் தண்ணிதான் வரும். ஆமா, இதுக்கு என்ன தீனி போடுதாக?"

சொன்னேன். கோசு, பச்சையாக, தினமும், மூன்று வருடமாக. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பச்சைக் கோசில் தைராய்டைச் சுரக்கவிடாமல் மறிக்கிற சங்கதி ஒன்று இருக்கிறதாம். நாம் வேகவைத்து எப்போதாவது தின்பதற்கு ஒன்றும் பயமில்லை, ஒரு மீன் வருடக் கணக்கில் அதையே தின்றால் வேறு கதை என்றார். அப்படியானால் கோசுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். எழுதித் தருவீர்களா என்றேன். ஒரு செத்த மீனையும் இரண்டு சொட்டுப் பாலையும் வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன், கோசை நிறுத்திப் புல் போட்டுப் பார், நாலு மாதம் இருக்கிறதே என்றார். படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. ஆம்பளை ஆம்பளை என்று நல்லதைப் பொறுக்கிப் போட்டு ஆண் மீனைக் கெடுத்தாயிற்று. வரப்புப் புல்லைத் தின்ற பெண் மீன்கள் கல்லு மாதிரி இருந்தும் பழி சுமந்து மூன்று தடவை சந்தைக்குப் போயின.

கோசையும் அந்தச் சுரப்பையும் பற்றி அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாய் விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் அக்காவுக்குக் கழுத்தில் அறுத்துத் தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். முக்காட்டுக்குள் அந்தத் தழும்பு இருக்கும். அன்றிலிருந்து விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஆயுசுக்கும். அப்போது நோன்பு தொடங்கியிருந்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் முதல் வேலை மாத்திரை என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதனால், உங்களுக்கு எது இல்லாமல் போய் மாத்திரை போடுகிறீர்களோ அதுதான் இந்த ஆண் மீனுக்கும் குறைந்துபோயிருக்கிறது என்றேன்.

"என்ற மாத்திரையில இருக்கற அதே சாமானா கண்ணு?"

"அதேதான்க்கா," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். அந்த ஒரு வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் அக்கா பின்னாலேயே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கோசு விஷயத்தை அண்ணனிடம் சொல்லக் கூடாதாம். எனக்குக் கோபம் வந்தது. விஷயமே அதுதானே, அவரிடம் சொல்லி நிறுத்தாமல் எப்படி என்றேன்.

"சொல்லீராத கண்ணு. கலியாணமாகி முப்பது வருசத்துல எனக்குன்னு அவரு நெனச்சு நெனச்சுச் செஞ்சது இந்தக் கூடை ஒண்ணுதான். அதுதான் எல்லாத்தையும் கெடுத்துதுன்னு எந்த வாயில சொல்றது? எலையெ நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

பார்த்துக்கொண்டார். அண்ணன் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சாப்பிட்டுப் போனதும், கூடை தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற சந்தனத்தின் ஆட்டுப்பட்டிக்குப் போனது. சந்தனம் ஆடு மேய்க்கிறவர், கேள்வி கேட்காத மனிதர். ஆண் தொட்டிக்கு வரப்புப் புல் விழுந்தது. முதல் வாரம் மீன்கள் வண்டிச் சத்தத்துக்கு ஓரம் வந்து நின்று ஏமாந்துபோயின. அப்புறம் பசி வந்து தின்றன.

பங்குனியும் சித்திரையும் எனக்குக் கணக்கெடுப்பு வேலையில் போயிற்று. மாங்காய் லாரிகளுக்கு நடுவில் ஊர் ஊராக ஸ்கூட்டரில் அலைந்ததில் அக்காவை எட்டிப் பார்க்க முடியவில்லை. போனில் பேசுவேன். குரல் கரகரவென்று இருந்தது. சளி என்றார்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் போனேன். மண்டையைப் பிளக்கிற வெயில். அக்கா ஹாச்சரி வாசலில் மகன் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூஞ்சி ஊதி, கண் இமை இரண்டும் தடித்திருந்தது. என்னைப் பார்த்து வா என்று சொல்லவே ஒரு நிமிடம் ஆயிற்று. டீ போடப் போனவர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நின்றார். மூட்டெல்லாம் வலிக்கிறது, எந்நேரமும் தூக்கமாக வருகிறது, வயசாகிவிட்டதல்லவா என்றார். நாற்பத்தெட்டு வயது. எனக்கும் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. நான் வந்தது மீனைப் பார்க்க. ஆண் மீன்கள் துள்ளின. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

தவிடு எடுக்க உள்ளே போனபோதுதான் அந்தச் சின்ன இடிகல்லைப் பார்த்தேன். ஏலக்காய் இடிக்கிற கல். அதன் அடியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மாத்திரை பாட்டில். பாட்டிலுக்குள் பாதியாக உடைத்த மாத்திரைகள்.

"இது என்னக்கா?" என்றேன்.

அக்கா மெதுவாக எழுந்து வந்து பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திருட்டுப் பிடிபட்ட முகம் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் சரியான விடையைக் காட்டுகிற முகம்.

"பாதி எனக்கு. பாதி அதுகளுக்கு. தூளாக்கித் தவுட்டுல உருட்டிப் போடறேன்."

"எப்பயிருந்து?"

"நோம்புலயிருந்து. நீதானே சொன்னே, அதே சாமானுன்னு."

 மாத்திரையை டாக்டர் அளந்து எழுதியிருக்கிறார், உங்களுக்குச் சுரப்பியே இல்லை, பாதி என்றால் பாதி உயிர் என்று கத்தினேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதுகளுக்கும்தான் அவ்வளவு நாள் இல்லாமல் இருந்தது, இப்போது பார் எப்படித் துள்ளுகிறது என்றார். நான் அங்கேயே நின்று கத்தரீனாள் டீச்சருக்குப் போன் போட்டேன்.  டீச்சர் என்னை நன்றாகத் திட்டினார். ஐந்தாறு கிலோ மீன்கள் ஆறு, அவ்வளவு பெரிய தொட்டித் தண்ணீர், அதில் பாதி மாத்திரை கடலில் கரைத்த பெருங்காயம் என்றார். மீன் தேறியிருந்தால் கோசை நிறுத்தியதால் தேறியிருக்கலாம். தேறாமலும் இருக்கலாம். முதலில் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்.

சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். மூன்று மாதம் அவர் விட்டுக்கொடுத்தது மீனுக்கு ஒன்றுக்குமே உதவவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா நம்பவில்லை. டீச்சர் மீனைக் கண்ணால் பார்த்தார்களா என்று கேட்டார். 

அன்றைக்கே கொல்லங்கோட்டுக்கு அழைத்துப் போனேன். ரத்தம் பார்த்த டாக்டர் ரிசல்ட்டைப் படித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். முழு மாத்திரை, ஒரு நாளும் தவறக் கூடாது, உடம்பு பழைய நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும், அதுவரைக்கும் வேலை எதுவும் வேண்டாம் என்றார். ஆறு வாரம் என்றால் ஆனி முடிந்துவிடும். மாத்திரை பற்றாமல் போய்விட்டது என்று மட்டும் அக்கா வீட்டில் சொன்னார். சைனுதீன் அண்ணன் அன்று சாயங்காலமே புதுப் பாட்டில் இரண்டு வாங்கிவந்து வைத்தார். கூடவே கோசுக் கூடையும் வந்தது. அன்றிலிருந்து அண்ணன் போனதும் அதைச் சந்தனத்தின் பட்டிக்குச் சுமந்தது நான்.

ஆனி பிறந்து நாலாம் நாள் மழை கணவாய் வழியாக உள்ளே வந்தது. தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மழைத் தண்ணீர் விழுந்தால் பெண் மீன் வயிறு இளகும், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. அண்ணனும் லாரி நிறுத்தத் தொட்டி இடத்தை அளக்க ஆள் கூட்டிவந்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம். விடிகாலை ஐந்து மணிக்கு நான் பிடிக்க, அக்கா ஊசி போட்டார். பெண் மூன்று, ஆண் ஆறு. ஒன்றரை, இரண்டு மணிக்குள் முட்டை இறங்க வேண்டும். ஊசி போட்டு முடித்ததுமே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது.

பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. நல்லேப்பிள்ளியில் கூட்டம், வந்தே தீர வேண்டும். வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அக்காதான் போகச் சொன்னார். மணி ஒன்றுக்குத் திரும்பிவிடலாம், அப்படியே நேரமானாலும் நான் இல்லையா, எத்தனை வருடமாகச் செய்கிறேன் என்றார். அந்தக் கையை நம்பித்தான் போனேன். கூட்டத்தில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில் ரோட்டின் குறுக்கே புளியங்கிளை விழுந்து கிடந்தது. நான் ஹாச்சரிக்குள் நுழையும்போது மூன்றரை.

மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரோடு சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். மடியில் துடைத்துக் காயவைத்த பேசின். முட்டையையும் பாலையும் கலக்குகிற கோழி இறகு கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

தொட்டு எழுப்பினேன். கண் விழித்து என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீரில் கையை விட்டார். முதல் மீனைத் தடவியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்றையும் எடுத்துப் பிழிந்து பார்த்தோம். கலங்கல் தண்ணீரும், கட்டி கட்டியாக வெளுத்துப்போன முட்டையும் வந்து விழுந்தன. எத்தனை லட்சம் முட்டை, எண்ணவே முடியாது. எல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தவை.

அக்கா ஆண் மீனைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு இனிமேல் என்றேன். கொண்டுவா என்றார். துண்டில் சுற்றிப் பிடித்துத் திருப்பினேன். அக்கா இரண்டு விரலால் நீவினார். பால் பீய்ச்சியடித்தது. வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, துண்டெல்லாம், அக்காவின் முழங்கை வரைக்கும். அடுத்த மீனும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான். மூன்று வருடமாக இதற்காகத்தான் செத்தோம். வந்துவிட்டது, கலக்க ஒரு முட்டை இல்லை. அக்கா அந்தக் கையை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கூட்டத்தில் பேசியவன் மேலா, புளியமரத்தின் மேலா, மாத்திரையைப் பாதியாக உடைத்த இந்த மனுஷி மேலா, 'அதேதான்க்கா' என்று சொன்ன என் வாய் மேலா?

ஜும்ஆ தொழுகை முடிந்து மண்டிக்குப் போய்விட்டு, சைனுதீன் அண்ணன் அப்போதுதான் வந்தார். மழைக்கோட்டோடு, கையில் கோசுக் கூடையோடு உள்ளே வந்தவர் பேசினைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலால் அந்தப் பாலைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா அம்மிணி? நான் அன்னைக்கே சொன்னனுங்க, ஆம்பளைக்கு நல்ல தீனி போட்டா எப்பிடியும் வருமுன்னு. மூணு வருசம் சும்மாவா சொமந்தேன்?"

முட்டை போய்விட்டது என்று அக்கா சொன்னார். அவர் பெண் மீன்களை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"பொம்பள மீனுதான் செரியில்ல. அதெ மாத்திப்போடலாம். அழுகாத மெஹரு. இப்பிடிப் பாலு வந்ததுக்கப்பறம் தொட்டியெ மூடுவனா? அடுத்த வருசமும் பாத்துப்போடலாம். நாளையிலிருந்து ரெண்டு கூடையாக் கொண்டாறேன்."

"பொம்பள மீனு மேல குத்தமில்லீங்க," என்றார் அக்கா. "தூங்கிப்போட்டது நானுங்க."

"செரி, அதுவும் பொம்பளதானே," என்று அண்ணன் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். முக்காட்டை இழுத்து விட்டு, தடித்த அந்தக் கண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்தும் விட்டார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொட்டி பிழைத்துவிட்டது. அக்கா கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது, நான் பேசாமல் இருக்க வேண்டும். இன்னொரு பெண் மீன் செட் சந்தைக்குப் போகும், தினமும் இரண்டு கூடை கோசு வரும், அக்கா அதை யாருக்கும் தெரியாமல் சுமப்பார், போகட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கூடையைத் தூக்கினேன். பழகிப்போன கால் தோப்புப் பக்கம், சந்தனத்தின் ஆட்டுப்பட்டிக்குப் போகிற வழியில் திரும்பியது.

"ஏனுங்க அம்மிணி," பின்னாலிருந்து சைனுதீன் அண்ணன் கூப்பிட்டார். "ஆண் தொட்டி இந்தப் பக்கந்தானுங்க இருக்குது. கூடையெ எங்கீங்க கொண்டுட்டுப் போறீங்க?"

நின்றேன். திரும்பி அக்காவைத்தான் பார்த்தேன். மாசியிலிருந்து நான் இவர் முன்னால் வாயெடுத்தபோதெல்லாம் அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். இப்போது அவர் சுத்தம் செய்யாத கையோடு பெண் மீன்கள் மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை.

நான் கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.